அக்கா பேசாமல் இருந்த இடம்

கல்யாண வீடியோவில் கொட்டாவி விடும் மாமனாரையும் முறைத்துக்கொண்டு நிற்கும் நாத்தனாரையும் தடயமே தெரியாமல் வெட்டி எடுப்பதில் வீடியோக்காரரை அடித்துக்கொள்ள ஆளில்லை. அந்தக் கை சும்மா இருக்குமா?

வெள்ளத்தில் பிழைத்தவர்கள் சொல்வதையெல்லாம் பதிவுசெய்து இணையத்தில் சேர்த்துவைக்கலாம் என்று தெருக்காரர்கள் கூடிப் பேசியபோது, "நான் இருக்கேன்ல!" என்று மார்தட்டிக்கொண்டு முன்னால் வந்தார். காசு வேண்டாம் என்றதில் கொஞ்சம் தலைக்கனமும் ஏறியிருந்தது.

தையல்கார அக்கா, தன் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே சொன்னார்: "சுவத்துக்கு அந்தப் பக்கம் தங்கச்சி தட்டிக்கிட்டே இருந்தா. நானும் தட்டினேன்." அதற்குமேல் வெகுநேரம் வாயே திறக்கவில்லை. கடைசியில், "காலையில படகு வந்துச்சு. நான் மட்டும் ஏறினேன்" என்று முடித்துக்கொண்டார்.

வீடியோக்காரர் நடுவிலிருந்த இடைவெளியைக் கத்தரித்து, இரண்டு பக்கத்தையும் ஒட்டி, அடியில் ஒரு வயலின் இசையை ஓடவிட்டார். "பாக்குறவங்க அழுதுடணும்" என்று மனைவியிடம் பீற்றிக்கொண்டார். பிறகு வழக்கம்போல மெமரி கார்டை அழித்துவிட்டு அடுத்த கல்யாணத்துக்குக் கிளம்பிப் போனார்.

நூலகத்தில் திரையிட்டபோது கூட்டம் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைதட்டியது. அக்கா மட்டும் எழுந்து வீடியோக்காரரிடம் வந்தார்.

"தம்பி, நான் பேசாம இருந்தேனே, அது எங்க?"

"அது வெறும் இடம்தானேக்கா. ஒண்ணும் இல்லையேன்னு..."

"அவ தட்டுறது நின்னுபோச்சு. திரும்பக் கேக்குமான்னு சுவத்துல காதை வச்சுக்கிட்டே இருந்தேன். அதைத்தான்பா சொன்னேன்."

 வீடியோக்காரருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அப்படியும் அந்தப் பாழாய்ப்போன வாய் சும்மா இருக்கவில்லை. "இன்னொரு தடவை எடுத்துடலாம்க்கா" என்றது.

"எதை?" என்றார் அக்கா. திட்டியிருந்தால்கூட வீடியோக்காரருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் வீடியோக்காரர் அந்த வயலின் இசையை நீக்கினார். ஒட்டிய இடத்தைப் பிரித்தார். அங்கே கறுப்புத் திரையில் எழுதினார்: 'இங்கே அக்கா வெகுநேரம் பேசாமல் இருந்தார். அதை நான் வெட்டிவிட்டேன்.' கல்யாண வீடியோக்களில் தங்க எழுத்தில் மின்னும் தன் ஸ்டுடியோ பெயரை அதற்குக் கீழே போட்டார்.

மனைவி எட்டிப் பார்த்துப் பதறிப்போனாள். "என்னங்க இது? ஊரே பாக்குமே!"

"பாக்கணும்" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.