மாமியின் குரல் இருந்த இறுவட்டு

அந்த இறுவட்டை, அந்தச் சீடியை, வெட்டியவன் நான்தான். சமையலறைக் கத்தரிக்கோலால் துண்டு துண்டாக வெட்டிக் குப்பைப் பைக்குள் போட்டேன். பிறகு, அதை என் மனைவியின் அண்ணன் எடுத்துக்கொண்டு போய்விட்டார் என்று, அவரையும் எதிரில் வைத்துக்கொண்டே நாலு பேர் முன்னால் சொன்னேன்.

முதலிலேயே சொல்லிவிட்டேன். இனி நீங்கள் எழுந்து போனாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் போகமாட்டீர்கள்... ஏன் இவன் இப்போது வந்து இதைச் சொல்கிறான், இதில் என்ன உள்நோக்கம் என்று யோசிப்பீர்கள். யோசியுங்கள்! உங்கள் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

எனக்குப் பிறவிக் குணம் அது. மீன்காரர் தராசைத் தூக்கினால் நான் மீனைப் பார்ப்பதில்லை, அவருடைய விரலைப் பார்ப்பேன். லிப்டுக்குள் இரண்டு பேர் கதைத்துக்கொண்டிருந்து, நான் ஏறியதும் நிறுத்தினால், அது என்னைப் பற்றிய கதைதான். "உங்கட நிழல் பின்னால வந்தாலும், ஆர் அனுப்பினதெண்டு கேப்பியள்" என்பாள் என் மனைவி வாசுகி. அப்போதெல்லாம் சிரித்துக்கொண்டுதான் சொல்வாள்.

நாங்கள் வெள்ளவத்தையில், கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில், நான்காம் மாடியில் இருக்கிறோம். கடற்காற்று இரும்பை மட்டும் தின்பதில்லை. என் திரைப்பட இறுவட்டுகளையும் அது தின்னத் தொடங்கியிருந்தது. இளவயதிலிருந்து ஆசை ஆசையாகச் சேர்த்தவை, ஓர் அலுமாரி நிறைய! சிலவற்றின் பின்புறம் வெள்ளை பூத்துவிட்டது. சில, பாட்டின் நடுவில் நின்று விக்கின. ஆகவே எல்லாவற்றையும் வீட்டுக் கணினியில் ஏற்றிவிடுவது என்று தீர்மானித்தேன். பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கினேன். மாலையில் வேலையால் வந்ததும் ஒன்றை உள்ளே தள்ளிவிட்டுத் தேநீர் குடிக்கப் போவேன். அவ்வளவு சுலபமான வேலை.

வாசுகியின் அண்ணன் பெயர் நேசன். ஒருகொடவத்தையில் கொள்கலன்கள் அடுக்கும் முற்றமொன்றில் வேலை, குடியிருப்பு கொட்டாஞ்சேனையில். ஞாயிறு தவறாமல் வருவார். வந்தால் கேட்காமலே கணினியைத் திறப்பார். மிக்ஸர் தின்ற விரலாலேயே அதைத் தட்டுவார். என் படங்களை இரவல் கொண்டுபோய், யாருக்குக் கொடுத்தோம் என்பதையே மறந்துவிடுவார். கேட்டால், "அட, உம்மட்டத் திருப்பித் தந்திட்டன் எண்டெல்லோ நினைச்சனான்!" என்பார்.

நான் கடவுச்சொல் போட்டேன். என் மகளின் பெயர். அடுத்த ஞாயிறே கண்டுபிடித்துவிட்டார்! வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

அந்த நேசன்தான் ஒரு நாள் தன்னுடைய கலியாண இறுவட்டைக் கொண்டுவந்து என் கையில் தந்தார்.

அதில் அவருடைய கலியாணம் பெரிதல்ல. மாமி அதில் வருவா, வாசுகியின் அம்மா. படமெடுக்க யாராவது வந்தால் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ளும் மனுசி. அன்று மட்டும் எப்படியோ அகப்பட்டுவிட்டா. பந்தி நடக்கும் இடத்தில் நின்று, "வாசு, இஞ்ச வா பிள்ளை, உன்ர கொண்டையில பூ கழலுது" என்று கூப்பிடுவா. பிறகு கமராவைக் கண்டு வெட்கப்பட்டுச் சிரிப்பா. அவ்வளவுதான். மாமி காலமான பிறகு அந்தக் குரல் உலகத்தில் வேறெங்கும் இல்லை. படம் பிடித்த ஸ்டூடியோவும் மூடப்பட்டுவிட்டது.

"மச்சான், என்ர வீட்டில கிடந்தா நான் துலைச்சுப் போடுவன். உம்மட கொம்பியூட்டரிலயே கிடக்கட்டும். நீர்தான் பத்திரமான ஆள்" என்றார் நேசன்.

பத்திரமான ஆள்!

திரைப்படங்களை ஒவ்வொன்றாகப் பெயர் வைத்து, கவனமாக ஏற்றினேன். குடும்ப இறுவட்டுகளில் அந்தப் பொறுமை எனக்கு இருக்கவில்லை. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் உறவினர் அனுப்பிய கலியாணங்கள், பெண்பிள்ளைகள் பெரியவளானதைக் கொண்டாடும் சாமத்திய வீடுகள்... நம்மவர் வீடுகளில் இவை இல்லாத வீடு உண்டா? மரியாதைக்கு ஒரு தடவை பார்த்துவிட்டு அடுக்கி வைப்பவை. அவற்றை அப்படியே இழுத்து, 'குடும்பம்' என்ற ஒரே கோப்புறைக்குள் விட்டேன். ஒவ்வொரு முறையும் கணினி ஏதோ கேட்டது. நான் 'ஆம்' என்று தட்டிவிட்டுத் தேநீருக்குப் போனேன்.

ஏற்றி முடிந்த வட்டுகள் மேசையில் குவிந்தன. எறிந்துவிடலாம் என்று பார்த்தால், எதிர்வீட்டுப் பல்கனியில் புறா விரட்டுவதற்காகப் பழைய இறுவட்டுகளை நூலில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒன்றில் மணமக்களின் பெயர்கூட அழியவில்லை. யாருடைய கலியாணமோ காற்றில் ஆடிக்கொண்டிருந்தது! எங்கள் வீட்டுப் பெண்களின் முகங்கள் யார் யார் கைக்குப் போகும்? காவலாளி எடுத்துப் போட்டுப் பார்ப்பானோ? குப்பை லொறிக்காரர் விற்பார்களோ? அந்த நினைப்பு வந்த பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

எல்லாவற்றையும் வெட்டினேன். நேசனுடையதையும். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கணினியில்தான் இருக்கிறதே, பிறகென்ன...

வெட்டுமுன் திறந்து பார்த்தாயா என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. இல்லை. பார்க்கவில்லை!

மாமியின் திவசம் வந்தது. படையல் முடிந்து, சாப்பாடும் முடிந்து, உறவினர் சிலரோடு நேசனும் முன்னறையில் இருந்தார்.

"அம்மா என்னைக் கூப்பிடுற இடத்தைப் போடுங்கோவன். பிள்ளை தன்ர அம்மம்மான்ர குரலைக் கேட்டதே இல்லை" என்றாள் வாசுகி.

போட்டேன். திரையில் பனி கொட்டியது. ரொறன்ரோவில், உறவுமுறையில் எங்களுக்குப் பெறாமகளான ஒருத்தி கேக் வெட்டினாள். மூடிவிட்டு மறுபடி திறந்தேன். அதே கேக். கோப்புறைக்குள் அதைத் தவிர வேறொன்றும் இல்லை.

எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு முதலில் வந்த எண்ணம் என்ன தெரியுமா? நேசன் அழித்துவிட்டார்! போன ஞாயிறும் கணினிக்கு முன்னால் இருந்தவர் அவர்தானே... சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

"அப்ப அந்தச் சீடியையே போடுங்கோ" என்றாள் வாசுகி.

சீடி!

"அதை உம்மட அண்ணர் நான் ஏத்தி முடிச்ச அண்டைக்கே திருப்பி வாங்கிக்கொண்டு போயிட்டார். கொம்பியூட்டரில இருந்ததையும் அவர்தான் ஏதோ தட்டி அழிச்சுப் போட்டார்" என்றேன். குரல் கொஞ்சமும் தடுமாறவில்லை.

நேசன் என்னைப் பார்த்தார். மறுத்துக் கத்துவார் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் எனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்! அவர் நெற்றியைத் தடவினார்.

"நான்... வாங்கினனானோ மச்சான்?"

"ஓம்."

"அப்ப வாங்கியிருப்பன். வீட்டில தேடிப் பாக்கிறன்."

மனிதர் தன்னையே சந்தேகிக்கத் தொடங்கிவிட்டார். நான் உலகத்துக்கெல்லாம் செய்ததை, அவர் தனக்குச் செய்துகொண்டார்.

"படங்களைத் துலைச்சியள், நான் பேசாமல் இருந்தன். அம்மாவையும் துலைச்சுப் போட்டியளே அண்ணா!" என்றாள் வாசுகி. அதன் பிறகு அவள் அவரோடு கதைக்கவில்லை.

சில நாள் கழித்து லண்டனிலிருந்து இன்னொரு இறுவட்டு வந்தது. அதை ஏற்றும்போது கணினி வழக்கம்போலக் கேட்டது. அன்றைக்குத்தான் முதன்முறையாக அதை வாசித்தேன். இதே பெயரில் ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, அதை நீக்கிவிட்டு இதை வைக்கவா?

இந்த வட்டுகள் எல்லாவற்றிலும் உள்ளே இருக்கும் கோப்புகளுக்கு ஒரே பெயர்தான். நான் 'ஆம்' என்ற ஒவ்வொரு முறையும், வந்த கலியாணம் இருந்த கலியாணத்தை அழித்திருக்கிறது. நேசன் ஒன்றும் செய்யவில்லை. ஊரையே சந்தேகித்த நான், அந்தப் பெட்டியை மட்டும் நம்பியிருந்தேன்.

அன்றே சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? அழிந்தது தவறுதலாக என்று சொல்லலாம். வெட்டியதை? அவர் மேல் போட்ட பொய்யை? வாசுகியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. நான் கோழை. அதற்கு வேறு பெயர் தேடி என்ன பயன்!

அதற்குப் பிறகு நான் வாசுகியைக் கவனிக்கத் தொடங்கினேன். ஒரு நாள் மீன் வெட்டிக்கொண்டிருந்தவள், "இந்தக் கத்தரிக்கோல் ஏன் இப்பிடி மழுங்கிப் போச்சு?" என்றாள். வெறுமனே கேட்டாளா? அன்று மாலையே புதிதாக ஒன்று வாங்கிவந்தேன். அது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். கேட்டதும் எதையும் வாங்கிவருகிற கணவனா நான்?

நேசன் வருவதை நிறுத்திவிட்டார். ஆனால் எனக்குத் தொலைபேசி எடுப்பார். "மச்சான், அலுமாரிக்குப் பின்னாலயும் பாத்திட்டன்." இன்னொரு நாள், "கட்டிலைக் கழட்டித் தேடினனான்... இல்லை." வேலைத்தளத்தில் தன்னோடு படம் பார்க்கும் ஆட்கள் எல்லோரிடமும் கேட்டாராம். ஒரு வருடத்துக்கு மேலாக அந்த மனிதர் தேடினார்! நான் ஒவ்வொரு தடவையும், "தேடுங்கோ, எங்கயாவது இருக்கும்" என்றேன். என் வாய் அதைச் சொன்னது.

போன ஞாயிறு அவர் வந்தார். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றார். மெலிந்திருந்தார்.

"வாசு, தேடிக் களைச்சுப் போனன். நான்தான் துலைச்சனான். அம்மான்ர குரலை நான்தான் துலைச்சனான். என்னோட கதை பிள்ளை..."

வாசுகி அழுதாள். பிறகு தேநீர் போட்டாள். மிக்ஸரும் எடுத்து வைத்தாள். நானும் அவர்களோடு இருந்து தேநீர் குடித்தேன். பாருங்கள், என் குற்றத்தை வேறொருவர் ஒப்புக்கொள்ள, பக்கத்தில் இருந்து மிக்ஸர் தின்றவன் நான்!

லிப்ட் வரை அவரோடு போனேன். உள்ளே ஏறியவர் என் கையைப் பிடித்தார்.

"அதை நீர் திருப்பித் தந்தது இன்னும் எனக்கு ஞாபகம் வருகுதில்லை மச்சான். ஆனா நீர் பொய் சொல்லுற ஆள் இல்லைத்தானே. அதாலதான் ஒத்துக்கொண்டனான்."

கதவு மூடியது.

திரும்பி வந்தபோது வாசுகி கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"அண்ணா என்ன சொன்னவர்?"

"ஒண்டுமில்லை."

குழாயை மூடினாள். திரும்பி என்னைப் பார்த்தாள். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான நேரம்... அல்லது எனக்குத்தான் அப்படித் தோன்றியதா?

"அந்தப் பழைய கத்தரிக்கோலை என்ன செய்தனீங்கள்?" என்றாள்.

"எறிஞ்சிட்டன்" என்றேன்.

அதுவும் பொய். அது இன்னும் என் மேசையின் இழுப்பு லாச்சிக்குள்தான் இருக்கிறது.