கீழ் நட்டு இரண்டு

இறுக்கிய நட்டில் சிவப்பு மை வைக்காமல் சிமியோன் எந்த வண்டியையும் வெளியே விட்டதில்லை. குருநகரில் படகு இயந்திரம் திருத்திய காலத்தில் அவருக்கு இந்தப் பழக்கம் இருக்கவில்லை. இறுக்க மறந்த ஒரேயொரு நட்டு, தம்பி கனிசியஸின் வலது காலைக் கொண்டுபோன பிறகு வந்தது. மருதனார்மடத்தில் கராஜ் போட்டுப் பதினெட்டு வருடங்கள். அந்த மைப் பேணி அவர் கையெட்டும் தூரத்திலேயே இருந்தது.

உடுப்பிட்டி லோஜன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைத் தன் விருப்பப்படி மாற்றிக் கட்டிக்கொண்டிருந்தான். கழித்துப் போட்ட பெரிய வண்டியொன்றின் முன் சக்கரத்தைத் தாங்கும் ஷொக்குகளைச் சாக்கில் போட்டுக் கொண்டுவந்தான். சிமியோன் அவற்றின் குழாய்கள் நேரா என்று பார்க்கக் கண்ணாடித் தட்டில் வைத்து உருட்டினார். ஒன்று வழுக்கிக்கொண்டு ஓடியது. மற்றது தத்தித் தத்தி நின்றது.

"இது விழுந்தெழும்பின வண்டியின்ரை சாமான், தம்பி. உனக்கு வேண்டாம்."

மூன்றாவது கடையில்தான் நேரான சோடி கிடைத்தது. அதைப் பிடிக்கும் கவ்விகளின் வாயையும் அளந்து பார்த்தே திருப்தியானார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சோடியை வண்டியில் பூட்டினார். மேல் கவ்வியின் நட்டு இரண்டையும் இறுக்கி மை வைத்தார். முன் சில்லையும் பூட்டி, வண்டியை நாலு தரம் அமத்தி, குழாய்கள் தம் இடத்தில் அமர்ந்த பிறகே கீழ்க் கவ்வியின் நட்டு இரண்டையும் இறுக்குவது அவர் முறை. அமத்தி முடித்த நேரம், வீதியில் நின்றுபோன ஓட்டோவின் சாரதி கூப்பிட்டார். போனார்.

திரும்பி வந்தபோது, வண்டி எடுக்க லோஜனோடு வந்திருந்த தாய் அருமைநாயகி வண்டிக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து முடித்திருந்தார். பத்தரைக்கு ராகுகாலம், அதற்குள் ஆஞ்சநேயர் கோயிலடியில் தேசிக்காய் மிதித்துப் புறப்பட வேண்டுமென்று அவசரப்படுத்தினார். சிமியோன் குனிந்து பார்த்தார். நாலு நட்டிலும் சிவப்பு. தலையசைத்தார். தாயைப் பின்னால் ஏற்றிக்கொண்டு லோஜன் போனான்.

நிலத்தைக் கூட்டும்போதுதான் கண்டார். முன் சில்லு நின்ற இடத்தில் சிவப்புத் தூள். விரலால் தொட்டார். மை உதிராதே! கீழ் நட்டை இறுக்கவென்று எடுத்துவைத்த ஸ்பனர் சாவி, வைத்த இடத்திலேயே கிடந்தது.

லோஜனின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு ஸ்கூட்டரில் பாய்ந்தார். சந்திகளில் நாலு பேர் கூடி நின்றால்கூட வேகம் குறைத்து எட்டிப் பார்த்தார். புத்தூர் தாண்டும்போது எதிரே அம்புலன்ஸ் ஒன்று அலறிக்கொண்டு வர, சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அந்தோனியாரே, அந்தத் தாயையும் பிள்ளையையும் தந்துவிடும். கனிசியஸின் அன்றைய அலறல் காதுக்குள் கேட்டபடியே இருந்தது.

வல்லை முனியப்பர் கோயிலடியில் வண்டி மணலில் சரிந்து கிடந்தது. பக்கத்தில் இருவரும் நின்றார்கள். நின்றார்கள்! கற்பூரம் கொளுத்தத் தாய் நிற்பாட்டச் சொல்லியிருக்கிறார். மெல்லப் பிரேக் பிடித்தவுடன் கைப்பிடி நேரே இருக்க, சில்லு மட்டும் பக்கவாட்டில் திரும்பிவிட்டதாம். தாயின் முழங்கையில் ஒரு சிராய்ப்பு.

"இனி ஆளில்லாத வல்லை வெளி றோட்டுத்தானே அண்ணை, அதிலை முறுக்கி ஓடுவமெண்டு இருந்தனான்," என்றான் லோஜன், உடம்பில் ஒட்டிய மணலைத் தட்டியபடி.

சிமியோன் மணலில் முழந்தாளிட்டார். "கீழ் நட்டு ரெண்டையும் நான் இறுக்கேல்லை, தம்பி."

அருமைநாயகி குனிந்து அந்த நட்டுகளைப் பார்த்தார். "ஐயோ, அதுக்கு நானெல்லோ பொட்டு வைச்சனான். மேலை ரெண்டுக்கும் இருந்தது, கீழை ரெண்டும் வெறுமையாக் கிடந்தது. ஆரோ பாதியிலை விட்டிட்டினமெண்டு நினைச்சன்."

"சாவி போட்டுப் பார்க்காதது என்ரை பிழை, அம்மா."

சில்லை நேரே திருப்பி, குங்குமத்தைத் துடைத்து இரண்டையும் இறுக்கினார். மறுபடியும் இறுக்கிப் பார்த்தார். பிறகு தாயைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு, உடுப்பிட்டி வரை லோஜனை ஊர வைத்துப் பக்கத்திலேயே போனார்.

திங்கட்கிழமை சிவப்பு மையைக் கொட்டிவிட்டு நீலம் வாங்கினார். இப்போதும் நீலத்தைக் கண்டால் போதாது அவருக்கு. சாவியைப் போட்டு ஒவ்வொரு நட்டையும் தொட்டுப் பார்த்தால்தான் மூச்சு வரும்.