மூன்றாம் அறையில் மிளகு

எங்கள் வீட்டில் பேசுவது தமிழ். பள்ளியில் நான் படித்தது மலையாளம். இரண்டும் கைவசம் என்று எனக்கு ஒரு திமிர் இருந்தது. அந்தத் திமிர் கொச்சி மட்டாஞ்சேரியில் ஒரு மனிதரின் கண்ணைப் பதம் பார்த்தது.

அங்கே சித்தப்பாவின் மசாலாச் சரக்குக் குடோனில் எட்டு அறைகள். எதில் என்ன சரக்கு என்று ஆளுக்கு ஆள் கத்துவதைச் சகிக்காமல் ஒரு வலைப்பக்கம் செய்துகொடுத்தேன். எஸ்விஜி வரைபடம். போட்டோ மாதிரி இல்லை. கோப்பைத் திறந்தால் உள்ளே எல்லாம் எழுத்துதான், அறைக்கு ஒரு வரி. போனில் எவ்வளவு பெரிதாக்கினாலும் கலங்காது. அறையைத் தொட்டால் அது சிவக்கும், சரக்கின் பெயர் வரும். மூட்டை தூக்குகிறவர்கள் தேனிப் பக்கத்துக்காரர்கள் என்பதால் பெயர்களைத் தமிழில் போட்டேன்.

அன்று காலை மூன்றாம் அறைக் கதவிடுக்கில் புகை. வயர் கருகும் வாடை. மூட்டை தூக்கும் அண்ணன் ஒருவர் போனை எடுத்து அந்த அறையைத் தொட்டார்.

"மிளகுதான் பாப்பா. ரெண்டு மூட்டைய இழுத்துப் போட்டா நெருப்பு பரவாது."

துண்டை முகத்தில் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நான் மெயினை அணைக்க ஓடினேன்.

தெருவிலிருந்து சித்தப்பா அலறிக்கொண்டு வந்தார். "ஐயோ, அதுல மொளகாக்கும்! உள்ள கேறாதேன்னு சொல்லு!"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் தந்த மலையாளப் பட்டியலில் இருந்தது 'முளகு'. மலையாளத்தில் அது மிளகாய். மிளகு என்றால் 'குருமுளகு'. அவசரத்தில் நான் முளகை மிளகாக்கியிருந்தேன். மிளகாய் வற்றல் கருகும் அறைக்குள் தெரிந்தே யாராவது போவார்களா?

கத்தினேன். பதிலுக்கு இருமல் வந்தது. இருமல் கேட்டவரை தைரியம் இருந்தது. அதுவும் நின்றது.

இரண்டு பேர் ஈரச்சாக்கைப் போர்த்திக்கொண்டு போய் அவரை இழுத்து வந்தார்கள். மூச்சு இருந்தது. கண்கள் வீங்கி மூடியிருந்தன. தீயணைப்பு வண்டி வந்து நெருப்பை அணைத்தது. பார்வைக்குப் பயமில்லை என்று டாக்டர் சொல்ல மூன்று நாள் ஆனது.

கோப்பைத் திறந்து அந்த ஒரு சொல்லைத் திருத்தினேன். வேலை அவ்வளவுதான். அது அத்தனை சுலபமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

வேலைக்குத் திரும்பி வந்த அண்ணனிடம் தப்பு என்னுடையது என்று சொன்னேன். கண் இன்னும் சிவந்திருந்தது. போனை என்னிடம் நீட்டினார்.

"எட்டு ரூமையும் நீயே படிச்சுச் சொல்லு பாப்பா. தமிழ்லயா, மலையாளத்துலயான்னு முதல்ல சொல்லிரு."

கேலிதான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அறை அறையாகப் போய் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துவிட்டு வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.