ஒரே கடலில் இரண்டு காற்று

ஸ்ரீரங்கனுக்குக் கர்வம் என்று ஒன்று இருந்ததென்றால் அது தம் கைகளைப் பற்றியதுதான். பொதுப்பணித் துறையில் முப்பத்துமூன்று வருஷம் வரைபடம் போட்டு, தலைமை வரைவாளராக ஓய்வு பெற்ற கைகள். அடையாறு இந்திரா நகரில் அவர் குடியிருந்த எட்டு வீட்டு ஃபிளாட்டில் மின்விசிறி கத்தினாலும் சரி, தாழ்ப்பாள் சிக்கினாலும் சரி, "ஸ்ரீரங்கன் மாமாவைக் கூப்பிடு" என்பதுதான் பேச்சு. அவரும் முதல் தடவையிலேயே போய்விட மாட்டார். இரண்டாம் தடவை கூப்பிடட்டும் என்று காத்திருந்து, அப்புறம்தான் ஸ்க்ரூ டிரைவரைக் கையில் எடுப்பார்.

அந்தக் கைகளுக்குத் திருவிழா நவராத்திரி. கொலுப்படிக்குக் கீழே தரையில் அவர் அமைக்கிற பார்க்கைப் பார்க்க பெசன்ட் நகரிலிருந்தெல்லாம் வருவார்கள். கடுகு முளைக்க வைத்த புல்வெளி, கண்ணாடித் துண்டில் குளம், நடுவில் வருஷத்துக்கு ஒரு கட்டடம். மனைவி கோமளம் இடுப்பொடியச் செய்த சுண்டலை வாங்கிக்கொண்டு, "மாமா கையே கை" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த நவராத்திரிவரை ஓட்டிவிடுவார் மனிதர். கொலு விஷயத்தில் மகா கண்டிப்பும் உண்டு. படியில் வைத்ததை விஜயதசமிவரை யாரும் தொடக் கூடாது. ஒரு வருஷம் செட்டியார் பொம்மை சாய்ந்து செட்டியாரம்மாவின் தோளில் விழுந்தபோதுகூட, ஒன்பது நாளும் அப்படியே கிடக்கட்டும் என்று தீர்ப்புச் சொன்னவர் அவர்.

தொண்ணூற்றாறாம் வருஷம் அந்த ராஜ்யத்துக்கு ஆபத்து மாடியிலிருந்து வந்தது. நேர் மேல் வீட்டுக்கு முந்தைய வருஷம் குடி வந்த நாகராஜ், வங்கி அதிகாரி. அவர் மனைவி ஸ்ரீலக்ஷ்மியின் அண்ணா ஜெர்மனியிலிருந்து வந்தபோது ஒரு பெட்டி கொடுத்துவிட்டுப் போனார். உள்ளே பாய்மரக் கப்பல், ஆனால் துண்டு துண்டாக. மெல்லிய மரப்பட்டிகள், பாய்க்குத் துணி, நூல்கண்டு, மிளகு அளவில் பீரங்கிகள், ஒரு வரைபடம். வெட்டி ஒட்டிக் கட்டிக்கொள்வது நம் பொறுப்பு.

ஆணி அடிக்கப் போனால் விரலை நசுக்கிக்கொள்கிற ஆள் நாகராஜ். அதனால் பெட்டி நேரே பரணுக்குப் போய்விடும் என்று ஸ்ரீரங்கன் நிம்மதியாக இருந்தார். போகவில்லை. நாகராஜிடம் கைத்திறன் இல்லையே தவிர, ஸ்ரீரங்கனிடம் இல்லாத ஒன்று இருந்தது. தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, யாரிடம் வேண்டுமானாலும் கேட்பார்.

"மேல் வூட்ல கட்டைய இட்லிப் பானைல வேக வெக்கறாங்க ஐயா" என்று ஒருநாள் செய்தி கொண்டுவந்தாள் செண்பகம். ஊரூர் குப்பத்திலிருந்து வந்து இரண்டு வீட்டிலும் வேலை செய்கிறவள். பட்டி வளைவதற்கு ஆவி காட்ட வேண்டும், அவ்வளவுதான். விஷயம் தெரிந்தும் ஸ்ரீரங்கன், "சாம்பாரும் பண்ணிண்டுட்டாரா?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை.

அடுத்து அவர் வீட்டிலேயே துரோகம். பாய் காற்றில் உப்பினாற்போல நிற்க வேண்டுமாம். கோமளம் தன் புடவைக்குப் போடுகிற கஞ்சியில் ஒரு சொம்பு மேலே கொடுத்தனுப்பினாள். துணியை அதில் நனைத்துக் கிண்ணத்தின் முதுகில் விரித்துக் காய வைத்தார்கள். பதினோரு பாயும் தொப்பை போட்டுக்கொண்டு நின்றன.

"நம்மாத்துக் கஞ்சி அவர் கப்பலுக்கு எதுக்கு?" என்றார் ஸ்ரீரங்கன்.

"கஞ்சிக்குமா பொறாமை?" என்றாள் கோமளம்.

பொறாமைதான். வேறு பெயர் வைத்துப் பிரயோஜனமில்லை. மாடியில் அரம் தேய்கிற சத்தம் கேட்டால் இவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தப் பெட்டி தம் கையில் கிடைத்திருந்தால் எப்படிக் கட்டியிருப்போம் என்று படுக்கையில் பலகை பலகையாகக் கட்டிப் பார்த்தார். இதுவரை இப்படி ஒரு பெட்டி தமக்கென்று ஒருவரும் கொண்டுவந்து தரவில்லையே என்று நினைத்துப் புரண்டு படுத்தார். அந்த வருஷம் பார்க்குக்கு அடையாற்றுப் பாலத்தைப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அது சோப்புப் பெட்டி மாதிரி தெரிந்தது.

கொலுவுக்கு மூன்று நாள் இருக்கும்போது நாகராஜ் கப்பலைப் பெரிய தாம்பாளத்தில் ஏந்திக்கொண்டு கீழே வந்தார். மூன்று பாய்மரம், கயிற்று ஏணிகள், தேன் நிறத்தில் உடம்பு. ஸ்ரீரங்கன் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குற்றம் தேடினார். அங்கங்கே கோந்து வழிந்த தடம் இருந்தது. இருந்தும் கப்பல் அழகாக இருந்தது. அதுதான் எரிந்தது.

"ஒரே ஒரு சந்தேகம் சார். பாய்மரத்து உச்சியில கொடி ஒட்டணும். பிளான்ல அந்த மூலையைக் கரப்பான் தின்னுடுத்து. எந்தப் பக்கமாப் பறக்க விடறது?"

இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "மந்திரி கார்ல பார்த்ததில்லையா? வண்டி முன்னால போறது, கொடி பின்னால பறக்கறது. கப்பலுக்கும் அதேதான்" என்றார் ஸ்ரீரங்கன். அப்போது அவர் மனதில் ஒரு வஞ்சனையும் இல்லை. கரையிலேயே வாழ்ந்தவருக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

"இதுக்குத்தான் உங்ககிட்ட வந்தேன். நாளைக்குக் கார்த்தால ஒட்டிடறேன்" என்று நாகராஜ் தாம்பாளத்தோடு படியேறினார்.

தரை துடைத்துக்கொண்டிருந்த செண்பகம் நிமிர்ந்தாள். "ஐயா, அது தப்பு ஐயா. பாயி முன்னால ஊதிக்கினு கீது. காத்து பின்னாலேர்ந்து அடிச்சாத்தான பாயி ஊதும்? அப்ப கொடியும் முன்னாலதான பறக்கும்? காருக்கு இன்ஜின் கீது. பாயிமரத்துக்குக் காத்துதான இன்ஜினு. எங்க வூட்டுக்காரு கட்டுமரத்துல பாத்துக்கினுதான கீறேன்."

முப்பத்துமூன்று வருஷம் கோடு போட்ட மூளைக்கு அரை நிமிஷம் போதும். அவள் சொன்னது சரி. மாடிக்கு இருபத்திரண்டு படிகள். ஏறிப்போய், "நான் சொன்னது தப்பு, திருப்பி ஒட்டுங்கோ" என்று சொன்னால் முடிந்தது.

ஸ்ரீரங்கன் எழுந்தார். வாசற்படிவரை போனார். மேலே ஸ்ரீலக்ஷ்மி யாரிடமோ, "இந்தத் தடவை எல்லாரும் நம்மாத்துக்குத்தான் மொதல்ல வரணும்னு சொல்லியிருக்கா" என்பது கேட்டது. திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டார். கடல் தெரிந்த எவனாவது ஒருத்தன் வருவான், பார்ப்பான், சிரிப்பான். சிரிக்கட்டுமே.

"அவங்ககிட்ட நான் போய்ச் சொல்லிடவா ஐயா?" என்றாள் செண்பகம்.

"நான் சொல்லிக்கறேன், நீ வேலையைப் பாரு."

முதல் நாள் மாலை ஸ்ரீரங்கன் எதிர்பார்த்ததைவிட மோசமாகப் போயிற்று. வந்தவர்கள் பாலத்தை நின்றவாக்கில் பார்த்துவிட்டு, "மேல கப்பல் வெச்சிருக்காளாமே" என்று சுண்டலைப் பையில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். மாமா கையைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. மாடியில் ஒரே சிரிப்பும் பாட்டுமாக இருந்தது. அது கொடியைப் பார்த்த சிரிப்பாக இருக்கக்கூடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் பொறுக்க முடியாமல் கோமளத்தோடு தாமே மாடிக்குப் போனார். கப்பல் முதல் படியில், மற்ற பொம்மைகளை ஓரம் தள்ளிவிட்டு நடுநாயகமாக நின்றது. கொடி பின்பக்கம் பறந்தது. மனதுக்குள் ஒரு குளிர்ச்சி. அப்புறம்தான் கப்பலுக்கு முன்னால் சாய்த்து வைத்திருந்த அட்டையைப் பார்த்தார். அழகாகத் தட்டச்சு செய்த எழுத்து.

'கட்டியவர்: நாகராஜ். மேற்பார்வை: ஸ்ரீரங்கன், தலைமை வரைவாளர்.'

"எனக்கு என்ன தெரியும் சார்? உங்க பேரைப் போடாம நான் மட்டும் பேர் வாங்கிண்டா நன்னாவா இருக்கும்?" என்றார் நாகராஜ்.

அந்த நேரம் பார்த்து, ஸ்ரீலக்ஷ்மி வரச் சொன்னாள் என்று, செண்பகம் தன் புருஷன் வேலுவைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, வெள்ளைச் சட்டை போட்டு வந்திருந்தான் வேலு. கப்பல் முன் குனிந்து ஒரு சுற்றுப் பார்த்தான்.

"சோக்கா கீது சார்" என்றான். பிறகு உச்சியைப் பார்த்துத் தலையைச் சாய்த்தான். "கொடிதான் இன்னா இப்டி கீது? பாயிக்கு ஒரு காத்து, கொடிக்கு ஒரு காத்தா? ஒரே கடல்ல எப்டி சார் ரெண்டு காத்து அடிக்கும்?"

சுண்டல் வாங்க வந்த பெண்கள் சிரித்துவிட்டார்கள். நாகராஜும் சிரித்தார். "அடடா, எங்க ரெண்டு பேருக்கும் தோணலையே. இல்லையா சார்?"

"ஐயாவாண்ட அன்னிக்கே சொன்னேனே" என்றாள் செண்பகம், வெகுளியாக. "நான் சொல்லிக்கறேன்னாரே."

சிரிப்பு நின்றது. கோமளம் கணவனைப் பார்த்தாள். நாகராஜும் பார்த்தார். அந்த முகத்தில் கோபம் வந்திருந்தால் ஸ்ரீரங்கன் பதிலுக்கு எதையாவது சொல்லித் தப்பித்திருப்பார். வரவில்லை. ஏதோ புரிந்தது போல அட்டையை ஒரு தடவை பார்த்துவிட்டு, "வேலு, உட்காருப்பா" என்று தரையில் விரித்திருந்த கோரைப்பாயைக் காட்டினார் நாகராஜ்.

"கொடியை இப்பவே திருப்பிடலாம். பிளேடு குடுங்கோ" என்றார் ஸ்ரீரங்கன். "இல்லேன்னா அந்த அட்டையையாவது எடுத்துடுங்கோ."

ஸ்ரீலக்ஷ்மி சங்கடத்தோடு கையைப் பிசைந்தாள். "படியில வெச்சாச்சே மாமா. விஜயதசமிவரைக்கும் அசைக்கப்படாது. நீங்கதானே போன வருஷம் எனக்குச் சொல்லிக் குடுத்தேள்?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். ஸ்ரீரங்கன் வாயைத் திறந்தும் கெட்டார், திறக்காமலும் கெட்டார்.

அப்புறம் ஒரு வாரம் கப்பலும் கொடியும் அட்டையும் வைத்த இடத்திலேயே இருந்தன. செய்தி பரவி, தப்பான கொடியைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது. மாடிக் கதவு திறந்தே கிடந்ததால் கீழே சாய்வு நாற்காலியில் இருந்தவருக்கு எல்லாம் கேட்டது. தினமும் யாராவது ஒருவர் அட்டையை உரக்கப் படித்துவிட்டு, "மேற்பார்வை பார்த்தவர் கவனிக்கலையா?" என்பார். தினமும் நாகராஜ் ஒரே பதிலைச் சொன்னார்.

"இல்லை. எங்க ரெண்டு பேருக்குமே தெரியலை."

அவர் பொய் சொல்கிறார் என்பது அன்று மாடியில் இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். ஸ்ரீரங்கன் மட்டும் ஒவ்வொரு தடவையும் எழுந்து வாசற்படிவரை போவார், எனக்கு முன்னாடியே தெரியும் என்று மேலே போய்ச் சொல்லிவிடலாம் என்று. இருபத்திரண்டு படிகளையும் அண்ணாந்து பார்ப்பார். திரும்பி வந்து உட்காருவார்.

கப்பலை அவரால் கட்டியிருக்க முடியும், அந்த ஆளைவிட நன்றாகவே. ஒரு துளி கோந்து வழியாமல் கட்டியிருப்பார். அந்தப் பதிலைத்தான் அவரால் சொல்லியிருக்க முடியாது. மாடியிலிருந்து அது கேட்கும் போதெல்லாம், கப்பலைப் பார்த்து எரிந்த வயிறு அதைவிட மோசமாக எரிந்தது.