இணையப் பஞ்சாயத்துக்கு நான் நின்ற கதை

அடுத்தவர் சண்டையைத் தீர்த்து வைக்கும் வேலைக்கு நிற்கிறவனைத் தேடி முதலில் வருவது அவனுடைய சண்டைதான். சம்பளம் கிடையாது, நாற்காலி கிடையாது, மாலை கிடையாது. ஏச்சு மட்டும் தாராளம். சங்கம், மன்றம், கூட்டுறவு என்று எதிலாவது நின்று தோற்றிருக்கும் தோழர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

மனுத் தாக்கல்

நாங்கள் எழுதுவது ஒரு தமிழ்த் தகவல் தளத்தில். ஊர், கண்மாய், பறவை, பயிர் என்று எதைப் பற்றியும் யாரும் எழுதலாம். எழுதியதை யாரும் திருத்தலாம், நீக்கலாம். எல்லோரும் காசு வாங்காமல் எழுதுகிறவர்கள், ஆகவே சண்டைக்குப் பஞ்சமில்லை. சண்டை முற்றினால் தீர்த்து வைக்க இணக்கக் குழு என்று ஒன்று உண்டு. அதற்கு உறுப்பினர்களே ஓட்டுப் போட்டு ஆள் தேர்ந்தெடுப்பார்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மீதிப் படிப்பைத் துண்டுப் பிரசுரங்கள் கொடுத்தன. எத்தனையோ பேச்சுவார்த்தை அறைகளுக்கு வெளியே வெயிலில் நின்று கோஷம் போட்டிருக்கிறேன். ஒருவரும் என்னை உள்ளே கூப்பிட்டு, 'நீங்கள் சொல்லுங்கள், கட்டுப்படுகிறோம்' என்றதில்லை. சாவதற்குள் ஒருமுறையாவது அதைக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் நின்றேன்.

மனுவுக்கு டெபாசிட் இல்லை, முன்மொழிய ஆள் வேண்டியதில்லை. 'நீங்கள் ஏன்?' என்று ஒரே ஒரு கேள்விதான். சிறைக் கம்பிகளில் தொடங்கி உழைக்கும் மக்களின் விடியல் வரை எழுதி, முதுகுளத்தூரில் மிளகாய் வியாபாரம் பார்க்கும் முனியசாமியிடம் காட்டினேன். என்னை இந்தத் தளத்துக்கு இழுத்து வந்தவன் அவன்தான். போனைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை படித்தான்.

"அண்ணே, எதிரி யாருன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. சமாதானம் யாருக்குப் பண்ணப் போறீங்கன்னுதான் வெளங்கல."

கேள்வி நேரம்

அந்தத் தளத்தில் வேட்பாளரை யாரும் எதையும் கேட்கலாம். கேள்வியும் பதிலும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும். இப்படி ஒரு வழக்கம் வேண்டும் என்று நான் இருந்த அமைப்புகளில் எல்லாம் கேட்டு, கெட்ட பெயர் எடுத்து வெளியே வந்திருக்கிறேன். இங்கே அது சாதாரண நடைமுறை.

முதல் கேள்வி 'கண்மாய்க்காரன்' என்பவரிடமிருந்து வந்தது. அது அவர் வைத்துக்கொண்ட பெயர், ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து விவசாயி. அவர் பகுதிக் கண்மாய் பற்றிய கட்டுரையில், மடையைத் திறக்கச் சொல்லி நாங்கள் உட்கார்ந்த போராட்டத்தை ஒரு பத்தியாகச் சேர்த்திருந்தேன். ஆதாரம் என்று நானே அப்போது அச்சடித்த நோட்டீஸைக் காட்டினேன். தனக்குத் தானே சாட்சி சொல்லக் கூடாது என்பது தளத்தின் விதி. அதைச் சொல்லி அவர் பத்தியை நீக்கிவிட்டார். பத்திரிகைக்காரன் வராவிட்டால் அது நடக்காத போராட்டமா என்று நானும் விடாமல் மல்லுக்கு நின்றேன். இப்போது அவர் கேட்டார்: "என் வழக்கு உங்களிடம் வந்தால் நீங்கள் தீர்ப்புச் சொல்வீர்களா?"

மைக் கிடைத்தவன் போலப் பதில் எழுதினேன். நியாயத்தின் வரலாறே அதில் இருந்தது. அதே கேள்வியை இன்னொரு வேட்பாளரான ஜெயராணியிடமும் கேட்டிருந்தார்கள். ஊர் மாரியூர், சாயல்குடியில் தையல் கடை வைத்திருப்பவர், தளத்தில் கடல்மீன்களைப் பற்றி எழுதுகிறவர். அவர் பதிலைப் படித்ததும் என் பதிலை அழித்துவிடலாமா என்று தோன்றியது. கட்டுரையை யாரும் நீக்கலாம், வேட்பாளர் சொன்ன பதிலை அழிக்க மட்டும் விதி இடம் தரவில்லை.

"எனக்கும் ஒருத்தருக்கும் சண்டை இருந்தா அந்த வழக்குல நான் உக்கார மாட்டேன், வேற ஆள் பாக்கட்டும்."

ரோஸ் நோட்டீஸ்

தேர்தல் என்று வந்தபிறகு நோட்டீஸ் அடிக்காமல் இருக்க எனக்குத் தெரியாது. 'இணக்கக் குழுவுக்கு உங்கள் தோழனை ஆதரிப்பீர்' என்று ரோஸ் தாளில் அடித்து, முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றிப் பட்டப்பகலில் ஒட்டினேன். முனியசாமி தன் பங்குக்குக் கிராமத்து பஸ்களில் ஏறி ஆட்டு வியாபாரிகளுக்குக் கொடுத்தான். தளத்தின் பெயரையே கேட்டிராத ஜனங்களிடம் நான் வேட்பாளர் ஆனேன். டீக்கடைக்காரர் தன் தூணில் ஒட்டியிருந்ததை நிதானமாகப் படித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"ஓட்டு நெட்டுலங்கிறீக, சரி. பூத்து எங்கன போட்டிருக்காக?"

என்மேல் வழக்கு

தளத்துக்கு வெளியே ஓட்டுக் கேட்பது அங்கே குற்றம். அது எனக்குத் தெரியாது. பஸ் மாற முதுகுளத்தூரில் இறங்கிய கண்மாய்க்காரன் நோட்டீஸைப் படம் பிடித்துத் தளத்தில் போட்டுவிட்டார். என் மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்று விவாதம் கிளம்பியது. 'இது திட்டமிட்ட சதி' என்று நான் தொடங்குவதற்குள் ஜெயராணி எழுதிவிட்டார். இந்த விதி மனுப் பக்கத்தில் இல்லை, வேறெங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது என்று முதலில் எடுத்துக் காட்டினார். பிறகு, படத்தைப் பெரிதாக்கி நோட்டீஸின் அடிவரியைப் பாருங்கள் என்றார். அங்கே என் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருந்தன. ஒளித்துச் செய்கிறவர் இப்படிப் பெயர் போட்டு ஒட்டுவாரா என்று கேட்டார். இத்தனை காலமும் அந்த அடிவரியைப் போலீஸ்காரர்கள்தான் படித்தார்கள். எனக்குச் சாதகமாக ஒருவர் படித்தது இதுதான் முதல் தடவை.

கண்மாய்க்காரன், அந்த வாதம் சரி என்று ஒப்புக்கொண்டு, நோட்டீஸ்களை அகற்றினால் போதும் என்றார். தோற்ற வாதத்தைத் தோற்றது என்று சொல்லும் ஆளை நான் எந்தக் கமிட்டியிலும் பார்த்ததில்லை. நானும் முனியசாமியும் வாளித் தண்ணீரோடு போய்ச் சுரண்டினோம்.

"இம்புட்டு நாளும் போலீஸுல்ல வந்து கிழிக்கும்! நம்ம நோட்டீஸ நம்மளே கிழிக்கிற காலமும் வந்துருச்சேண்ணே."

மாரியூரில் விருந்து

நன்றி சொல்லாவிட்டால் தூக்கம் வராது என்று மாரியூருக்கு பஸ் ஏறினேன். ஓட்டுப்பதிவு நடந்துகொண்டிருந்த நேரம். ஜெயராணி "வாங்கய்யா" என்று நாற்காலி போட்டார். நான் வாயைத் திறக்கப் போனதும் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். அன்று அவர் வீட்டுக்காரர் கடலிலிருந்து கொண்டு வந்த விளைமீனில் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது. ஊர் ஊராய் மேடையேறியவன், அங்கே வாய்பேசாமல் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

"நல்லா சாப்பிடுங்கய்யா, ஆனா எலெக்ஷன் பேச்சு எடுத்தீகன்னா நானே உங்க மேல புகார் எழுதிப் போட்டுருவேன்."

முடிவு

ஒவ்வொரு வேட்பாளருக்கும் தனித்தனி ஓட்டு. ஆதரவா எதிர்ப்பா என்று தன் பெயரைப் போட்டுக் காரணத்தோடு எழுத வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இருந்தால்தான் தேறலாம். கண்மாய்க்காரன் என்ன எழுதியிருப்பார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு தேடினேன். 'ஆதரவு. நான் நீக்கிய பத்தியை இவர் ஒருநாளும் கள்ளத்தனமாகத் திரும்பச் சேர்க்கவில்லை. பொதுப் பக்கத்தில், என் பெயரைச் சொல்லித்தான் திட்டினார்.' திரும்பத் திரும்பப் படித்தேன்.

இரண்டு வரி தள்ளி ஜெயராணி. 'எதிர்ப்பு. இவர் நேர்மையில் குறை சொல்ல முடியாது. ஆனால் தீர்ப்புச் சொல்வீர்களா என்று கேட்டதற்கு இத்தனை நீளப் பதிலில் ஆம் என்றும் இல்லை, மாட்டேன் என்றும் இல்லை. சண்டைக்காரர்கள் பேசும்போது இவர் கேட்டுக்கொண்டிருப்பார் என்ற நம்பிக்கை எனக்கு இன்னும் வரவில்லை.' அவர் ஜெயித்தார். எனக்கு ஓர் ஓட்டுக் குறைந்தது. அது அவர் ஓட்டாகவும் இருக்கலாம். தோளில் கைபோட்டுக்கொண்டே காலை வாரியவர்கள் பலரை எனக்குத் தெரியும். காரணத்தை எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுத் தோற்கடித்தவர் இவர் ஒருவர்தான். நான் தலைநிமிர்ந்துதான் இருந்தேன். முனியசாமிக்குத்தான் ஆறவில்லை.

"சோத்தப் போட்ட மகராசி ஓட்டப் போடலையேண்ணே!"

தோற்பது எனக்குப் பழக்கம்தான், ஆனால் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் தோற்றது இந்த ஒரு தேர்தலில்தான்.