பல் கூச வைத்த கேசட்

எங்கள் இசைத்தொகுப்பைப் பற்றி முதலில் வந்த கருத்து இதுதான்: "கடையில கூட்டம் கலையணும்னா இத போட்டா போதும். பல்லு கூசுது." எழுதியவர் திருவொற்றியூர் தேரடிப் பக்கம் டீக்கடை வைத்திருந்தவர். அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்த நான், அதன் பிறகு ஒரு மாதம் அந்தக் கடையில் டீ குடிக்கவில்லை. அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. கோபம் மூக்கின் நுனியிலேயே இருந்தது.

இரண்டாயிரத்துக்குப் பிந்தைய முதல் சில வருடங்கள் அவை. ராயபுரத்தில், ஹார்பர் சரக்குக்கு அனுமதி வாங்கித் தரும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நான் குமாஸ்தா. என் நண்பன் அங்கேயே மாதா கோயில் பாடற்குழுவில் கிடார் வாசிப்பவன். அவனுடைய அப்பா ஹார்பரில் வேலை பார்த்தார். கப்பல்காரர் ஒருவர் அவரிடம் கொடுத்துவிட்டுப் போன வெளிநாட்டு கேசட்டில்தான் சைகடெலிக் ராக் என்ற ஒன்றை முதன்முதலில் கேட்டோம். பாட்டு ஒரு இடத்தில் தொடங்கும், எங்கேயோ போகும், தண்ணீருக்கு அடியிலிருந்து கிடார் வரும், பல்லவி என்று ஒன்று திரும்பி வரவே வராது. எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. நாடா தேயும் வரை கேட்டோம். பிறகு நாமே ஒன்று செய்தால் என்ன என்று தோன்றிவிட்டது.

மொத்தம் மூன்றே பாட்டு. ஒரு பக்கத்தில் இரண்டு, மறுபக்கம் முழுக்க ஒன்று. நண்பன் கிடார், நான் கீபோர்டு. டிரம்ஸ் கிடையாது. தாளத்துக்கு இயந்திரங்களின் ஒலியை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தோம். அதைப் பிடித்து வந்தவன் என் அண்ணன். எர்ணாவூர் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்தான். சாப்பாட்டுப் பையில் டிபன் பாக்ஸுக்கு அடியில் சின்ன டேப் ரெக்கார்டரை வைத்து எடுத்துப்போய், கம்ப்ரஸர் காற்று விடுவதையும் ப்ளோயர் சுழல்வதையும் பதிந்து வந்தான். ஒரு வாரத்துக்கு அந்த ரெக்கார்டரில் சாம்பார் வாசனை போகவில்லை.

அண்ணனுடைய காதுக்கு அங்கே பெரிய பெயர். ஸ்க்ரூடிரைவரின் முனையை ஓடும் மோட்டார் மேல் வைத்து, கைப்பிடியைக் காதோரத்து எலும்பில் ஒட்டிக்கொண்டு, கண்ணை மூடிக்கொள்வான். உள்ளே இருக்கும் பேரிங் இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்லிவிடுவான். பிரித்துப் பார்த்தால் அவன் சொன்னபடிதான் இருக்கும். அந்த வருடங்களில் எங்கள் பக்கத்துத் தொழிற்சாலைகளில் ஆட்குறைப்புப் பேச்சு இல்லாத வாரமே கிடையாது. விருப்ப ஓய்வு என்று அதற்குப் பெயர். யாருடைய விருப்பம் என்றுதான் ஒருவரும் கேட்கவில்லை. அண்ணன் மட்டும் அசரவில்லை. "என் காது கீற வரைக்கும் என்னிய எவனும் அசைக்க முடியாதுடா" என்பான்.

அப்படிப்பட்ட காது வீட்டிலேயே இருக்கும்போது மிக்ஸிங்கை வேறு யாரிடம் கொடுப்போம்? ஒலிகளைக் கலக்கும் அந்தக் கடைசி வேலையை அவனிடமே விட்டோம். வாடகைக்கு எடுத்த ஒலிப்பதிவு அறையில், குமிழ்களுக்கு முன்னால் அவன் உட்கார்ந்த தோரணையே தனி. உச்சமான, கூர்மையான ஒலிகளைக் கூட்டும் ட்ரெபிள் குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றிக்கொண்டே போனான். நண்பன் முகத்தைச் சுளித்தான். "அண்ணா, ரொம்ப கீச்சுனு கீதுண்ணா" என்றான். அண்ணன் சிரித்தான். "உனுக்கு கோயில் பாட்டு கேட்டு பழகின காது நைனா. போகப் போக சரியா பூடும்." எனக்கும் காது கூசத்தான் செய்தது. ஆனால் நான் அதைப் புதுமை என்று எடுத்துக்கொண்டேன். சோதனை முயற்சி என்றால் கேட்பவனுக்குக் கொஞ்சம் வலிக்கத்தானே வேண்டும் என்று எனக்கு நானே வியாக்கியானமும் சொல்லிக்கொண்டேன்.

நாற்பது கேசட் பிரதி எடுத்தோம். ஒவ்வொன்றோடும் ஒரு தாள். கேட்டுவிட்டு மனதில் பட்டதை எழுதித் தர வேண்டும், அவ்வளவுதான். பாதிக்கு மேல் அண்ணனே தன் தொழிற்சாலையில் கொடுத்தான். மீதியை நாங்கள் ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் கொடுத்தோம்.

கருத்துகள் வரத் தொடங்கின. என் மேலதிகாரி "மிக நன்று, தொடர்க" என்று எழுதினார். கேசட்டைச் சுற்றியிருந்த கண்ணாடித்தாள் பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. பாடற்குழுத் தலைவர், "இது தேவனுக்கு ஏற்றது அல்ல. ஆயினும் கிடார் நன்று. தலை வலிக்கிறது" என்று மூன்றையும் ஒரே வரியில் எழுதியிருந்தார். ஒரு கல்லூரி மாணவி, "மூணாவது பாட்டுல கண்ண மூடினா கடலுக்குள்ள நடந்து போற மாதிரி கீது. ஆனா யாரோ ஊசி வெச்சி காத குத்திகினே கூட வராங்க" என்று எழுதினாள். அதைப் படித்து முதல் வரிக்குச் சந்தோஷப்பட்டேன், இரண்டாவது வரிக்கு அவள்மேல் எரிச்சல் பட்டேன். வீட்டில் அண்ணி எழுதவில்லை, வாயாலேயே சொன்னாள். "தம்பி, இத்த போட்டா பாப்பா அழுவுது."

நண்பன் ஒருநாள் நேரடியாகக் கேட்டான். "மச்சி, மறுபடியும் மிக்ஸ் பண்ணலாமா?" எனக்குச் சுருக்கென்றது. அண்ணனைக் குறை சொல்கிறான் என்று நினைத்துக் கன்னாபின்னாவென்று பேசிவிட்டேன். நல்லா கீதுன்னு எழுதினவங்க எத்தினி பேர்னு எண்ணிக் காட்டறேன் பாரு என்று சவால் விட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து தாள்களைத் தரையில் பரப்பினேன். பாராட்டியவை ஒரு பக்கம், திட்டியவை ஒரு பக்கம்; கேசட்டையே பிரிக்காத மேலதிகாரியின் தாளை எதிலும் சேர்க்கவில்லை. பாராட்டு அடுக்கும் ஒன்றும் குறைவாக இல்லை. "தெளிவா கீது." "ஒவ்வொரு சத்தமும் தனித்தனியா கேக்குது." "நம்ம கம்ப்ரஸர் சூப்பர்." ஜெயித்துவிட்டேன் என்று அந்த அடுக்கைத் தட்டிச் சீராக்கியபோது என் விரல்களில் கருப்பு ஒட்டியது. கிரீஸ். பாராட்டிய தாள்கள் எல்லாவற்றிலும் கிரீஸ் கைரேகை இருந்தது. திட்டிய அடுக்கில் ஒன்றில்கூட இல்லை. நன்றாக இருக்கிறது என்று சொன்ன அத்தனை பேரும் அண்ணனோடு அந்தக் கம்ப்ரஸர் கொட்டகை இரைச்சலில் பத்து, பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள்.

அப்போதும் எனக்கு முழுதாக உறைக்கவில்லை. அடுத்த ஞாயிறு மதியம் அண்ணன் தலைக்குக் கீழே கையை மடித்து வைத்துப் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்திருந்தான். இரண்டாவது ஷிஃப்டுக்காக வைத்திருந்த அலாரம் அந்த விடுமுறை நாளிலும் அவன் கைக்கடிகாரத்தில் அடித்தது. காதுக்கு நாலு விரல் தூரத்தில் அந்தக் கடிகாரம். கீ கீ என்று முழுதாக அடித்து ஓய்ந்தது. அவன் கண் கூரையிலிருந்து நகரவில்லை. சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்த அண்ணி, அவனைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். கீச்சென்ற சத்தம் அவன் காதுக்கு எட்டுவதில்லை என்று அவளுக்கு முன்பே தெரியும் என்பது அந்தப் பார்வையில் எனக்குப் புரிந்தது.

அண்ணன் எழுந்து உட்கார்ந்தான். "இன்னா எழுதிகீறாங்கோ? படிடா, கேப்போம்." கிரீஸ் பட்ட தாள்களை மட்டும் சத்தமாகப் படித்தேன். தலையை ஆட்டிக் கேட்டான். முடிந்ததும், "மிச்சம்?" என்றான்.

"மிச்சம் இன்னும் வரலண்ணா."

"உன் முதுவுக்குப் பின்னால கீதே, அது இன்னா?"

எடுத்துப் படித்தேன். டீக்கடைக்காரரை, மாணவியை, பாடற்குழுத் தலைவரை. நாலாவது தாளை எடுத்தேன். அவன் கையை நீட்டி நிறுத்தினான்.

"எல்லாரும் அத்தத்தான் எழுதிகீறாங்களா?"

"ஆமாண்ணா."

கடிகாரத்தின் பட்டையைத் திருகிக்கொண்டே சொன்னான். "கம்ப்ரஸர் காத்து வுடும்போது மேல சன்னமா ஒரு சத்தம் வரும்டா. வேலைக்குச் சேந்த புதுசுல கேட்டுகீறேன். நல்லா ஞாபகம் கீது. அது வரட்டும், வரட்டும்னுதான் ஏத்திகினே இருந்தேன்."

"வந்துச்சாண்ணா?"

"கொஞ்சோண்டு."

எனக்கு அழுகை வந்தது. அவன் அழவில்லை. போன மாதம் ஒரு பேரிங்கை நன்றாக இருக்கிறது என்று சொன்னதாகவும், மூன்றாம் நாள் அது உடைந்து தெறித்ததாகவும் சொன்னான். "அந்நேரம் பக்கத்துல ஆளு இல்ல. இருந்திருந்தா? நாளைக்கி ஃபோர்மேனாண்ட நானே சொல்லிடறேன்." அண்ணி சமையற்கட்டு வாசலிலேயே நின்றிருந்தாள். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது.

சொன்னான். உதிரிபாகங்களைக் கணக்கெடுத்துத் தரும் ஸ்டோர்ஸுக்கு மாற்றினார்கள். இரண்டு வருடம் கழித்து விருப்ப ஓய்வுப் பட்டியல் வந்தபோது முதல் தாளிலேயே அவன் பெயர் இருந்தது.

மறுபடியும் மிக்ஸ் செய்த அன்று அவனையும் கூட்டிப் போனோம். ட்ரெபிள் குமிழை நான் இறக்கினேன். கிடாரும் ப்ளோயரும் பதமாக ஒன்றோடொன்று கலந்து வந்தன. நண்பனின் முகம் மலர்ந்தது. அண்ணன் தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"கம்ப்ரஸரோட அந்த சன்ன சத்தம் போயிடிச்சே. இதான் நல்லாகீதா?"

"ஆமாண்ணா."

"அப்ப இத்தையே போடு."

இரண்டாவது முறை போட்ட கேசட்டுக்கு நல்ல கருத்துகள் வந்தன. டீக்கடைக்காரர்கூட "இப்ப பரவால்ல" என்று எழுதினார். அவர் கடைக்குப் போய் டீயும் குடித்தேன். அந்த வார்த்தைக்காக எவ்வளவு ஏங்கியிருந்தேன், வந்தபோது அது எனக்கு ருசிக்கவில்லை.

முதல் கேசட்டில் ஒன்றை அண்ணன் தனக்கென்று வைத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாடு முடிந்ததும் அதைப் போடுவான். அண்ணி பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சமையற்கட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். அவன் கண்ணை மூடி, கம்ப்ரஸர் வரும் இடத்துக்காகக் காத்திருப்பான். அந்த இடம் வந்ததும் "தோ, கேக்குது பாரு" என்று என் தொடையைத் தட்டுவான். எனக்குப் பல் கூசும். அந்தப் பக்கம் முடியும் வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன்.