கிரேக்க ராணிக்குத் திருப்பதிப் பேருந்தில் ஒப்பாரி

என் வீட்டில் யாரும் இறக்கவில்லை. இந்த வாட்ஸ்அப் குழுவில் இரங்கல் செய்தி அனுப்புவதை நிறுத்துங்கள்.

இன்று காலை சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் புறப்பட்டேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் சங்கத்தில் மேற்கத்திய நாடக வரலாறு பற்றி நான் பேசவேண்டியிருந்தது. பழைய கிரேக்க நாடகத்தில் சாவை மேடையில் காட்டமாட்டார்கள். தூதன் வந்து சொல்வான், ஒரு கூட்டம் சேர்ந்து புலம்பும். அந்தத் தூதன் வசனத்தை வாய்விட்டுப் பழகினேன்: "ராணி இறந்துவிட்டாள்."

பக்கத்து இருக்கை அம்மாள் என் கையைப் பிடித்தாள். "ராணி யாரும்மா, உங்க மருமவளா?"

"கிரேக்க நாட்டு ராணி."

"ஐயோ, வெளிநாட்டுலயா? பொணம் எப்ப வருதாம்?"

"அவள் செத்து இரண்டாயிரம் வருடத்துக்கு மேல் ஆகிறது."

"துக்கத்துல என்னென்னமோ பேசிக்கினு வராங்க பாரு. அழுதுடும்மா!"

நான் அழவில்லை. நான்கு பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு, ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் சேர்ந்து ஒப்பாரி வைத்தார்கள். கிரேக்கர்கள் செய்ததும் அதுதான். திருத்த ஒன்றுமில்லாததால் வாயை மூடி ரசித்தேன். அது என் தவறு.

என் மௌனத்தைப் பார்த்த கண்டக்டர், பாதி வழியில் பாகாலாவில் என்னைக் கைத்தாங்கலாக இறக்கி, வீடு திரும்பச் சித்தூர் பேருந்தில் ஏற்றிவிட்டார். என் கைப்பேசியை வாங்கிச் சங்கத்துக்கும் துக்கச் செய்தி சொல்லிவிட்டார். சங்கக் கூட்டம் நான் இல்லாமலே முடிந்தது.

சங்கச் செயலாளர் அவர்களே, எனக்கு வேறு நாள் தருவீர்களா? கண்ணீர் எமோஜி வேண்டாம். எழுத்தில் பதில் தாருங்கள்.